இராமநாதபுரக் கடற்கரையில் பலகை அறுக்க எந்த மில் சட்டம்: மலிவானதா, விலை கூடியதா?

உச்சிப்புளிக்குத் தெற்கே புதுமடம் வரையுள்ள தோப்புகளிலும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்திலும் காற்றில் சாய்ந்த மரங்களை விழுந்த இடத்திலேயே பலகையாக அறுத்துக் கொடுப்பது என் தொழில். செயின்சாவின் பாரில் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டில்) பூட்டி, மரத்தின் மேல் வைத்து நீளவாக்கில் தள்ளிக்கொண்டு போகும் மில் சட்டத்தைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன். 2021-இன் தொடக்கத்தில் 6,400 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கிய 36 அங்குலச் சட்டம் ஒன்று என்னிடம் இருந்தது. பிறகு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்து அதைப் போல் ஆறு மடங்குக்கு மேல் கொடுத்துத் தருவித்த கிரான்பெர்க் நிறுவனத்தின் 30 அங்குல அலாஸ்கன் மில் இப்போது இருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்களும் தச்சர்களும் இவற்றில் எதை வாங்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே வகை மரத்தில், ஒரே செயின்சாவில் மாற்றி மாற்றிப் பூட்டி அறுத்துப் பார்த்தவன் என்ற முறையில், என் கையில் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டுமே வேண்டாதவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். செயின்சாவின் சங்கிலி ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 3 நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) மரத்தைத் தூளாக்கிவிடும். பேண்ட்சா (பட்டை ரம்பம்) உள்ள அறுவைப் பட்டறையில் ஒரு நூல்கூடப் போகாது. ஒன்றரை அடி விட்டமுள்ள மரத்தில் 2 அங்குலப் பலகைகளுக்காக ஏழு வெட்டுப் போட்டால் 21 நூல், அதாவது 2 அங்குலம் 5 நூல் தூளாகிறது. ஒரு முழுப் பலகைக்கும் மேலாகவே இழக்கிறோம். ஆகவே லாரி வந்து நிற்கக்கூடிய சாலையோரத்தில் மரம் கிடந்தால், ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே சரியான கணக்கு. நம் கரையில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. 2 அடி விட்டமும் 10 அடி நீளமும் கொண்ட பச்சை வேப்பமரத் துண்டு 31 கன அடி வரும். எடை முக்கால் டன்னுக்குக் குறையாது. கடற்கரை மணலில் அதை உருட்டி வெளியே கொண்டுவர ஆட்களுக்குக் கொடுக்கும் கூலியிலும், புதைந்த டிராக்டரை மீட்கும் செலவிலும் பலகையின் விலையே கரைந்துபோகும். மரத்திடம் ரம்பத்தைக் கொண்டுபோவது இந்த நெருக்கடியில்தான் பொருள் உள்ளதாகிறது.

அடுத்து, மில் சட்டத்தைவிட முக்கியமான ஒன்று செயின்சா. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் ஊருக்கு ஊர் இருப்பதால், 22 அங்குல பார் கொண்ட 58 சி.சி. செயின்சா பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 36 அங்குல மில் சட்டத்தை வாங்குபவர்களே அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விறகு வெட்டும்போது இயந்திரம் சில விநாடிகள் முழு வேகத்தில் ஓடி, பிறகு ஓய்வெடுக்கும். பலகை அறுக்கும்போது முழு வேகத்தில், முழுச் சுமையில் ஏழெட்டு நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். அதுவும் ரேகைக்குக் குறுக்காக அல்லாமல் ரேகையோடு அறுப்பதால், ஒவ்வொரு பல்லும் மரத்தின் முனைப்பக்கத்தையே கடித்துச் செதுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை அடி அகலத்துக்கு 70 சி.சி.க்குக் குறைந்த இயந்திரத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2 அடியைத் தாண்டினால் 90 சி.சி. வேண்டும், 91 சி.சி. உள்ள ஸ்டில் எம்.எஸ். 661 போன்றவை அந்த வேலைக்கு உரியவை. நான் இப்போது வைத்திருப்பது 70.6 சி.சி. ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்.பி.; 28 அங்குல பார் போட்டிருக்கிறேன்.

சங்கிலியும் அப்படியே. கடையில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலியின் பல் 30 பாகை சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 பாகைச் சாய்வு போதும், அதுவே வழவழப்பான முகத்தையும் தரும். இதற்கெனத் தனிச் சங்கிலி கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் வட்ட அரத்தால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் குறைத்துக்கொண்டு வரலாம். மலிவான சட்டத்தைக் குறை சொல்லும் பலர் உண்மையில் விறகுச் சங்கிலியைத்தான் குறை சொல்கிறார்கள் என்பதை, அதே தவறைச் செய்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் அருகே வந்து நின்று கொட்டிய மழையில், எங்கள் சித்தப்பாவின் தோப்பில் ஒரு பழைய வேம்பு வேரோடு சாய்ந்தது. மலிவான சட்டத்தை நான் வாங்கியது அந்த மரத்துக்காகவே. பெட்டியில் ஜிங்க் பூச்சுப் பூசிய இரும்புச் சதுரக் குழாய்கள், இரண்டு கவ்விகள், ஒரு கைப்பிடி, ஒரு பை நிறைய போல்ட், நட்டுகள் இருந்தன. எதை எங்கே பூட்டுவது என்பதற்குத் தெளிவற்ற ஒரு படம் மட்டும் இருந்தது. பூட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. மறுநாள் காலை 8 அடி நீளத்தில், 18 அங்குல அகலத்தில் முதல் பலகையை எடுக்க 25 நிமிடம் பிடித்தது. இயந்திரம் சூடாகி மூன்று முறை நின்றது. வேப்பந்தூள் முகத்துணியைத் தாண்டி நாக்கில் கசந்தது. அந்தத் தாமதத்துக்குச் சட்டம் காரணமல்ல. என் செயின்சாவும் சங்கிலியும்தான் காரணம். ஆனால் பலகை வெளியே வந்த பிறகு தெரிந்த குறை முழுக்க முழுக்கச் சட்டத்தினுடையது.

அந்த வேம்பிலிருந்து நான்கு பலகைகளை நாட்டுப்படகு கட்டும் ஓர் ஓடாவியிடம் கொண்டுபோனேன். அவர் அளவுகோலைத் தொடவில்லை. பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நடந்தார். மூன்று இடங்களில் நின்று, சாக்குக்கட்டியால் கோடு போட்டார். பிறகுதான் அளந்தார். முதல் கோட்டில் 2 அங்குலம், நடுக்கோட்டில் 2 அங்குலம் 3 நூல், கடைசியில் ஒன்றே முக்கால் அங்குலம் இருந்தது. “தம்பி, இந்த மேட்டையெல்லாம் இழைச்சு மட்டம் பண்ணுனா எனக்கு ஒண்ணரை அங்குலந்தான் மிஞ்சும். ஒண்ணரை அங்குலப் பலகைக்குத்தான் என்னால காசு குடுக்க முடியும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படகின் பக்கப்பலகை ஒன்றோடொன்று விளிம்பு பொருந்தி உட்கார வேண்டும். கனம் மாறும் பலகையில் அந்தப் பொருத்தம் வராது, வந்தாலும் கடலில் நிற்காது.

கனம் ஏன் மாறியது என்பதை அறியவே பின்னாளில் நல்ல செயின்சாவையும் தகுந்த சங்கிலியையும் மலிவான சட்டத்தில் பூட்டி மறுபடி அறுத்தேன். நேரம் 25 நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாகக் குறைந்தது; கனத்தில் இருந்த ஏற்றத்தாழ்வு மட்டும் மாறவில்லை. காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 36 அங்குல நீளமுள்ள மெல்லிய குழாயை நடுவில் உள்ளங்கையால் அழுத்தினாலே ஒரு நூல் தாழ்ந்தது. மரத்தில் கணு வரும் இடத்தில் நாம் கூடுதலாகத் தள்ளும்போது அதே வளைவு பலகையில் பதிந்துவிடுகிறது. உயரத்தைத் தீர்மானிக்கும் இரண்டு நிலைக்கால்களில் அளவுக்கோடு ஒட்டுத்தாளாக இருந்ததால், ஒன்றில் 2 என்று காட்டிய இடமும் மற்றதில் 2 என்று காட்டிய இடமும் ஒரே உயரத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாரின் நுனியைப் பிடிக்கும் கவ்வியின் போல்ட் அதிர்வில் தளர்ந்தது. ஒருமுறை நட்டு கழன்று தூளில் விழுந்ததைக் கவனிக்காமல் இரண்டடி அறுத்துவிட்டேன். கவ்வி நழுவிச் சங்கிலியைத் தொட்டபோது எழுந்த சத்தத்தில்தான் நிறுத்தினேன். சங்கிலியில் நான்கு பற்கள் போயின. அது என் கைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணத்தில் அன்று மேற்கொண்டு வேலை செய்யவில்லை. விற்றவர்களுக்கு எழுதியதற்கு, பொருளைத் திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இனி விலை கூடியதைப் பற்றிச் சொல்கிறேன். அலாஸ்கன் மில் என்ற பெயரும் வடிவமும் கலிபோர்னியாவின் கிரான்பெர்க் நிறுவனத்திலிருந்து வந்தவை. இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான சட்டங்கள் பெரும்பாலும் அதே வடிவத்தைப் பின்பற்றியவையே. அதனால் இரண்டையும் எட்ட நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கையில் எடுத்தால் தெரியும். தண்டவாளங்கள் அலுமினியத்தை அச்சின் வழியே தள்ளிச் செய்தவை, அழுத்தினால் அசைவதில்லை. கவ்விகள் பாரைத் துளையிடாமலே இறுகப் பிடிக்கின்றன. அரை அங்குலத்திலிருந்து 13 அங்குலம் வரை கனத்தை மாற்றிக்கொள்ளலாம். அதே வகை வேம்பில், அதே செயின்சாவில், 8 அடிப் பலகையின் இரு முனைகளுக்கும் நடுவுக்கும் இடையே அரை நூலுக்கு மேல் வேறுபாடு வரவில்லை. ஓடாவி அண்ணனிடம் அந்தப் பலகையைக் கொண்டுபோனபோது அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நிற்காமல் நடந்து போனார். 2 அங்குலத்துக்கே பணம் கொடுத்தார்.

குறைகள் இதற்கும் உண்டு. உதிரி பாகம் எதுவும் உள்ளூரில் கிடைக்காது. ஒரு கவ்வி போல்ட் தொலைந்தால்கூட அதே மரையை லேத் பட்டறையில் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் அந்த மரைகள் நம் கடைகளில் உள்ள மில்லிமீட்டர் அளவுக்குப் பொருந்துவதில்லை. கவ்விகள் இரு பக்கமும் இடம் எடுத்துக்கொள்வதால் 28 அங்குல பாரில் எனக்கு மிஞ்சுவது 23 அங்குலம்தான். மேலும், முதல் வெட்டுக்கு வேண்டிய நேரான தண்டவாளம் பெட்டியில் வருவதில்லை. அதைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள்.

இந்த முதல் வெட்டைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். உருண்டையான மரத்தின் மேல் மில் சட்டம் தானாக மட்டமாக ஓடாது. முதலில் நேரான ஒன்றை மரத்தின் மேல் பொருத்தி, அதன் மேல் சட்டத்தை ஓட்டி, ஒரு தட்டையான முகத்தை உண்டாக்க வேண்டும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பலகையும் முந்தைய முகத்தையே பார்த்து வரும். முதல் முகத்தில் முறுக்கு இருந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்த சட்டமும் அந்த முறுக்கைக் கடைசிப் பலகை வரை நேர்மையாகக் கொண்டுபோகும். நான் தனித் தண்டவாளம் வாங்கவில்லை. 10 அடி அலுமினிய ஏணி ஒன்றை எடுத்து, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, இரு முனைகளிலும் மரக்கட்டையில் திருகாணியால் இறுக்கிக்கொள்கிறேன். வெட்டு போகப்போகப் பின்னால் இரண்டு சிறிய மர ஆப்புகளைச் செருகுவதும் அவசியம். இல்லாவிட்டால் பலகையின் எடை பாரை அழுத்தி, சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஆப்பை இந்த வேலையில் தொடவே கூடாது.

வெளியூர்க்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் வராத ஒன்று உப்புக்காற்று. மலிவான சட்டத்தின் ஜிங்க் பூச்சு ஒரு வாடைக்காலத்தைத் தாண்டவில்லை. ஐப்பசியில் துடைத்து வைத்ததைத் தை மாதம் எடுத்தபோது உயரம் மாற்றும் போல்ட்கள் நட்டோடு ஒட்டிப்போய், இரண்டை ரம்பத்தால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. அலுமினியத் தண்டவாளத்தில் வெண்மையாகப் படிவதைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆனால் விலை கூடிய சட்டத்திலும் போல்ட்கள் இரும்புதான். நான் இரண்டு சட்டங்களிலும் மாற்றக்கூடிய போல்ட்களை எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்களாக மாற்றிவிட்டேன். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டைக் காய்ந்த நிலையில் முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அசையாமல் போகும். ஆகவே சிறிது கிரீஸ் தடவியே முறுக்க வேண்டும்.

மணலும் அதே போன்றது. கடற்கரையில் வளர்ந்த மரத்தின் பட்டை வெடிப்புகளில் எத்தனையோ வருடக் காற்று கொண்டுவந்த மணல் இறுகி இருக்கும். சங்கிலிக்கு அது அரம் போல. பட்டையை அரிவாளால் சீவி எடுத்த பிறகு அறுத்தால் ஒருமுறை தீட்டியதில் மூன்று பலகை எடுக்கலாம். சீவாமல் அறுத்தால் ஒன்றுக்கே திணறும். வலை காயப்போடவும் கயிறு கட்டவும் ஆணி அடித்த பூவரசுகள் கரையோரத்தில் ஏராளம். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அருகில் ஆணி இருக்கிறது என்று பொருள்; அந்த இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எந்த மரத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதுதான் வாங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நம் பக்கத்தில் பூவரசு ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. நாட்டுக் கருவேலமும் அப்படித்தான். சீமைக் கருவேலம் பெரும்பாலும் கோணலாகத்தான் நிற்கும். ஒரு அடி விட்டமும் மூன்றடி நேரான நீளமும் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். அப்படிக் கிடைக்கும் துண்டைக் கரிமூட்டத்துக்கு அனுப்புவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. ஆழ்ந்த பழுப்பு நிற வைரத்தில் (முற்றிய கெட்டி மரத்தில்) முக்காலியும் சிறு மேசையும் செய்தால் வளையாமல் நிற்கும். புளியும் பழைய வேம்பும் மட்டுமே 2 அடியைக் கடப்பவை. பனையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்: 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. அனுமதியோடு கிடைத்தாலும் அதன் வைரம் வெளிச்சுற்றில்தான், நடுவில் மென்மையான சோறு. ஆப்பு வைத்துப் பிளந்து சட்டம் எடுக்கும் பழைய முறையே அதற்கு ஏற்றது.

ஆகவே 36 அங்குலம், 48 அங்குலம் என்ற எண்ணைப் பார்த்து மலிவான பெரிய சட்டத்தை வாங்குவது நம் கரைக்குப் பொருந்தாத செலவு. மலிவான சட்டத்தின் குறை அகலம் கூடக்கூடப் பெருகுகிறது, சுருங்கச் சுருங்கக் குறைகிறது. இதை நான் அந்தப் பழைய சட்டத்திலேயே சோதித்தேன். குழாய்களை 20 அங்குலமாக வெட்டி, பட்டறையில் நடுவில் ஒரு குறுக்குக் குழாய் பற்றவைத்து, நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் போட்டு, நிலைக்கால்களில் ஒட்டுத்தாளை உரித்துவிட்டு இரும்பு அளவுகோலைப் பதித்தேன். மொத்தம் 1,800 ரூபாய் ஆயிற்று. இப்போது ஓரடி அகலப் பலகையில் ஏற்றத்தாழ்வு ஒரு நூலுக்குள் நிற்கிறது. பெஞ்சுக்கும் முக்காலிக்கும் இழைப்பில் அது சரியாகிவிடும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு மரம் சொந்தத் தோப்பில் விழும், அதில் வீட்டுக்கு நாலு பலகை வேண்டும் என்பவர், சிறிய அளவில் மலிவான சட்டத்தை வாங்கி, மேலே சொன்ன மாற்றங்களைச் செய்துகொண்டு, மிச்சப் பணத்தை நல்ல சங்கிலியிலும் காதுக் காப்பிலும் போடுவதே நல்லது. படகுக்கோ கதவுக்கோ விற்பதற்காக அறுப்பவர், விலை கூடிய சட்டத்தில் 24 அல்லது 30 அங்குலத்தை வாங்கலாம். அதைவிடப் பெரியது வேண்டாம். என் கணக்கில், கனம் மாறியதால் பலகைக்கு அரை அங்குலம் இழந்ததை நிறுத்தியதிலேயே கூடுதல் விலை இரண்டாம் வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. 58 சி.சி. செயின்சா மட்டுமே இருக்கிறது, வேறு வாங்க வழியில்லை என்பவருக்கு விலை கூடிய சட்டம் பயன் தராது. அவர் முதலில் சேமிக்க வேண்டியது இயந்திரத்துக்குத்தான்.

பலகை உலர்வதிலும் சட்டத்தின் தரம் தெரியவரும் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் உலர வேண்டும் என்பது தச்சர்கள் கணக்கு. கடற்காற்று முனைகளை விரைவாக உலர்த்தி வெடிக்கச் செய்யும் என்பதால், அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசிவிடுகிறேன். பலகைகளுக்கு இடையே ஒரே கனமான குச்சிகளை வைத்து அடுக்கும்போது, பலகையின் கனம் சீராக இருந்தால் மேல் அடுக்கின் எடை எல்லாக் குச்சிகளிலும் சமமாக இறங்கும். மேடுபள்ளம் இருந்தால் சில குச்சிகள் சும்மா நிற்கும், அந்த இடத்தில் பலகை தன் விருப்பத்துக்கு முறுக்கிக்கொள்ளும். 2021-இல் மலிவான சட்டத்தில் அறுத்த வேம்புப் பலகைகளில் ஓடாவி எடுத்தது போக மிஞ்சிய ஐந்தில் மூன்று இப்படி முறுக்கிப்போய், கடைசியில் ஆட்டுக் கொட்டிலுக்குத் தடுப்பாயின.

வெட்டிச் சிறிதாக்கிய அந்தப் பழைய சட்டம் இப்போது என் சித்தப்பா மகனிடம் இருக்கிறது; கரிக்கு வரும் சீமைக் கருவேலத் துண்டுகளில் நேரானவற்றை ஒதுக்கி, அதில்தான் அறுக்கிறான். சென்ற வாரம் இரண்டங்குலக் கனத்தில் ஒன்பது பலகை அடுக்கியிருந்தான். நடுவில் இருந்த ஒன்றை உருவி, ஓடாவி அண்ணன் செய்ததைப் போலவே விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் விரல் நின்றது.